கிட்டார் ப்ராசஸரில் உறுமலும் கரகரப்பும்: ஒரு பழுதுநீக்கப் பதிவு

மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கும் நண்பர், பழையதாக வாங்கிப் பல ஆண்டுகள் மேடையில் மிதித்துப் பழகிய தம்முடைய டிஜிட்டல் ப்ராசஸரை (கிட்டாரின் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் கால்மிதிக் கருவி) என்னிடம் கொடுத்தபோது, அதனுடன் மூன்று புகார்களையும் சேர்த்தே கொடுத்தார். மேடையில் இணைத்தால் கீழ்ஸ்தாயியில் ஓர் உறுமல் விடாமல் கேட்கிறது. டிஸ்டார்ஷன் பேட்சுகள் (ஒலியைக் கரகரப்பாக்கும், கருவியில் சேமித்துவைத்த அமைப்புகள்) கிட்டார் ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில், இனிமையாக இருந்துவிட்டு, அரங்கின் ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்குப் போனதும் காதைக் கிழிக்கின்றன. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சில நேரம் ஒலி அறுந்துபோகிறது. கருவியைக் காலால் தட்டினால் திரும்பி வருகிறது. ஏற்கெனவே பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் காட்டியதில், "மெயின் ஐசி போயிருக்கும், போர்டையே மாற்ற வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போர்டின் விலையைக் கேட்டால், அதே மாடலைப் பழையதாக இன்னொன்று வாங்கிவிடலாம்.

இந்தத் தீர்ப்பை நான் நம்பவில்லை. அதற்குக் காரணம், ஒலி இந்தக் கருவிக்குள் செல்லும் பாதையிலேயே இருக்கிறது. கிட்டாரின் பிக்கப்பில் (கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பிறக்கும் மின் அலை, கேபிள் வழியாக இன்புட் ஜாக்கை அடைந்து, ஆப்-ஆம்ப் பஃபர் என்ற சிறு பெருக்கிச் சுற்றைக் கடந்த பின்புதான் அனலாக்-டிஜிட்டல் கன்வெர்ட்டரில் எண்களாக மாறுகிறது. ப்ராசஸர் சிப் அந்த எண்களின்மீது கணக்குப் போட்டு முடித்ததும், இன்னொரு கன்வெர்ட்டர் அவற்றை மறுபடியும் மின் அலையாக்கி, மற்றோர் ஆப்-ஆம்ப் வழியாக அவுட்புட் ஜாக்கிற்கு அனுப்புகிறது. டிஜிட்டல் என்று பெயர் வாங்கிய கருவியில் டிஜிட்டலாக இருப்பது அந்த இரண்டு கன்வெர்ட்டர்களுக்கு இடைப்பட்ட பகுதி மட்டுமே. அந்தப் பகுதி கெட்டால் கருவி பெரும்பாலும் உயிர்பெறாது, அல்லது திரை உறைந்து நிற்கும், அல்லது எந்தப் பேட்சிலும் ஒலியே வராது. மின்சார விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கணக்கீட்டில் பிறப்பதில்லை. காலால் தட்டியதும் சரியாகிற பழுது மென்பொருளில் இருப்பதில்லை. எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், இரு முனைகளிலும் உள்ள அனலாக் பகுதியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் நண்பரின் பேட்சுகள் அனைத்தையும் கணினியில் சேமித்து வைத்தேன். பிறகு எல்லா எஃபெக்டுகளையும் அணைத்த வெற்றுப் பேட்ச் ஒன்றை உருவாக்கி, எல்லாப் பேட்சுகளுக்கும் பொதுவான ஈக்வலைசரைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, நாய்ஸ் கேட்டையும் அணைத்தேன். கேட் இயங்கிக்கொண்டிருக்கும்போது இரைச்சலைத் தேடுவது வீண் வேலை. அது இரைச்சலை நீக்குவதில்லை, வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்தி மறைக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்பிரஷன் பெடலையும் முழுவதுமாக முன்னோக்கி அழுத்தி வைத்தேன். அந்தப் பெடல் வால்யூமுக்கு ஒதுக்கப்பட்டிருந்து, குதிகால் பக்கம் சாய்ந்து கிடந்தால் ஒலி வராது என்பதை மறந்து கருவியையே குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

என் மேசையில் எப்போதும் ஒரு ஷார்ட் செய்த பிளக் கிடக்கும். 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக்கின் நுனியையும் உடலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சால்டர் செய்தது அது. அதை இன்புட்டில் செருகினால் கருவிக்குள் நுழையும் சிக்னல் பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகும் உறுமல் கேட்டால் குற்றவாளி இன்புட்டுக்கு அப்பால், கருவியிலோ மின்வழங்கியிலோ அவுட்புட் பக்கத்திலோ இருக்கிறான், கேட்காவிட்டால் கிட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறான். கம்பெனி அடாப்டரோடும் ஹெட்போனோடும் இந்தப் பிளக்கைச் செருகிப் பார்த்ததில், வால்யூமை முழுவதும் திறந்தபோதும் மெல்லிய சீறலைத் தவிர வேறெதுவும் இல்லை. போர்டின் மீதிருந்த பழி பாதிக்கு மேல் அங்கேயே நீங்கிவிட்டது.

அடுத்து கிட்டாரை இணைத்தேன். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் கொண்ட கிட்டார் என்பதால் உறுமல் உடனே எட்டிப் பார்த்தது. இந்த வகை உறுமலுக்கு ஓர் அடையாளம் உண்டு: கிட்டாரைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால், ஒரு திசையில் அது ஓங்கியும் அதிலிருந்து ஏறக்குறையக் கால் வட்டம் தள்ளிய திசையில் ஒடுங்கியும் கேட்கும். காயில் அறையிலுள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். அதற்கு ப்ராசஸர் பொறுப்பல்ல. திரும்பினாலும் மாறாத உறுமல் வேறு வகை, அதைப் பின்னால் சொல்கிறேன். கம்பிகளைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் கிரவுண்ட் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. தொட்டதும் கூடினால், கிட்டாருக்குள்ளோ கேபிளிலோ சிக்னல் வயரும் கிரவுண்ட் வயரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ப்ராசஸரிலேயே இருக்கும் ட்யூனர் இந்த இடத்தில் ஒரு நல்ல அளவுகருவி. கம்பிகளைக் கையால் அமுக்கி ஓசை எழாமல் செய்து, கிட்டாரின் வால்யூமை முழுவதும் திறந்து வைத்து ட்யூனரைப் பார்த்தால், உறுமல் போதிய அளவு பலமாக இருக்கும்பட்சத்தில், அது 'ஜி' ஸ்வரத்தைக் காட்டி முள்ளைச் சற்று வலப்பக்கம் நிறுத்தும். காரணம் எளிது. மிகத் தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல்ஸ்தாயி ஜி 98 ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரமோ 50, அதன் இரட்டிப்பு 100. இரண்டுமே ஜி-யைவிட ஏறத்தாழ 35 சென்ட் (அரைஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். யாரும் வாசிக்காத கிட்டாரில் ட்யூனர் இந்த இடத்தில் நிலைத்து நின்றால், மின்சார லைனின் உறுமல் இன்புட் வழியாக உள்ளே வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இரண்டு முள் அடாப்டர் செய்யும் ஒரு சேட்டையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இன்றைய எஸ்எம்பிஎஸ் (அதிவேக சுவிட்சிங் வகை) அடாப்டர்களில் 230 வோல்ட் பகுதிக்கும் 9 வோல்ட் பகுதிக்கும் இடையே, ரேடியோ அலை இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இணைப்பு இல்லாத அடாப்டரில், அதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் கருவியின் உலோக உடலை அந்தரத்தில் தூக்கி வைத்துவிடுகிறது. ப்ராசஸரின் உடலுக்கும் சுவரிலுள்ள எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 90 வோல்ட் ஏசி என்று காட்டியது. தரமான அடாப்டரில் இதற்குப் பின்னால் உள்ள மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் வெகு கீழே என்பதால் புறங்கையால் தடவினால் ஒரு குறுகுறுப்பு தெரியும், அவ்வளவே. ஆனால் ஹெட்போனில் அது 'ஸ்ஸ்ர்ர்' என்ற ஓசையாகக் கேட்கும். எர்த் உள்ள ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த மாத்திரத்தில் மறைந்துவிடும். வீட்டில் ஹெட்போனில் மட்டும் வரும் இரைச்சல் பலவற்றுக்கு இதுவே காரணம். குறுகுறுப்பு அல்லாமல் உண்மையான அதிர்ச்சி அடித்தால், அந்த அடாப்டரைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு பழுதுநீக்கம் கிடையாது.

இவ்வளவும் செய்தும் நண்பர் சொன்ன மேடை உறுமல் என் மேசையில் வரவில்லை என்பதால், மேடைக்கு அவர் கொண்டுபோகும் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னேன். பையைத் திறந்ததும் முதல் விடை கிடைத்தது. மேடையில் அவர் கம்பெனி அடாப்டரைப் பயன்படுத்துவதே இல்லை. ஒரே அடாப்டரிலிருந்து பல வால்களாகப் பிரியும் கேபிளில் ஒரு 'வா' (wah) பெடல், ஓர் ஓவர்டிரைவ் பெடல், ப்ராசஸர் ஆகிய மூன்றையும் தொங்கவிட்டிருந்தார். அனலாக் பெடல்கள் சில மில்லி ஆம்பியரில் பிழைத்துக்கொள்பவை. ப்ராசஸரின் அடியில் ஒட்டியிருந்த லேபிளோ 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் கேட்டது. அடாப்டரில் அச்சிட்டிருந்தது 200. எல்லாவற்றையும் இயக்கிவிட்டு வால் நுனியில் அளந்தபோது மின்னழுத்தம் 7.6 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. எதையும் இணைக்காமல் அளந்தால் அதே அடாப்டர் 9-ஐ மிகச் சரியாகக் காட்டியது. மின்வழங்கியைச் சுமையோடு அளக்காவிட்டால் அளந்ததில் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மின்னழுத்தம் குறைந்தது ஒருபுறம் இருக்க, ப்ராசஸருக்குள் ஓடும் கடிகாரத் துடிப்புகளின் எச்சம் பொதுவான கிரவுண்ட் வழியாக ஓவர்டிரைவ் பெடலுக்குள் புகுந்து, அங்கே பெருக்கப்பட்டு, மெல்லிய கீச்சொலியாக மறுபடியும் ப்ராசஸரின் இன்புட்டுக்கே வந்துகொண்டிருந்தது. பேட்சை மாற்றித் திரை ஒளிரும்போதெல்லாம் அந்தக் கீச்சின் சுருதியும் மாறியது. ப்ராசஸரைத் தன் சொந்த அடாப்டருக்கு மாற்றியதும் கீச்சொலி அடியோடு நின்றது. கம்பெனி அடாப்டர் தொலைந்தவர்கள் வேறொன்று வாங்கும்போது வோல்ட், மில்லி ஆம்பியர் இரண்டோடு முனைகளையும் பார்க்க வேண்டும்; கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை நடு முனையில் நெகட்டிவ் கேட்பவை, கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் பெரும்பாலானவை நடு முனையில் பாசிட்டிவ் தருபவை.

ஆனால் உறுமல் இன்னும் மீதமிருந்தது. நண்பரின் மேடை அமைப்பில் ப்ராசஸரின் இடது அவுட்புட் அவர் பக்கத்திலுள்ள கிட்டார் ஆம்புக்கும், வலது அவுட்புட் கூட்டத்தின் பின்னால் இருக்கும் மிக்சருக்கும் போகின்றன. ஆம்புக்கு மேடையிலுள்ள ப்ளக் பாயின்ட்டில் எர்த். மிக்சருக்கு வேறொரு கோடியில் எர்த். இரண்டு எர்த்துகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை என்பதால், அவற்றுக்கிடையே ப்ராசஸரின் கேபிள் உறைகள் வழியாக ஒரு வட்டம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. கிட்டாரைத் திருப்பினாலும் மாறாத உறுமல் என்று முன்னே சொன்னது இதைத்தான். சோதனை மிக எளிது: இரு கேபிள்களில் ஒன்றைப் பிடுங்கினால் உறுமல் நின்றுவிடும், எதைப் பிடுங்கினாலும் நின்றுவிடும்.

இதற்கு மேடைகளில் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிடுவது. அதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. அந்த முள்தான் ஆம்பின் உள்ளே ஒரு வயர் அறுந்து உடலில் பட்டால் ஃபியூஸையோ டிரிப்பரையோ விழவைக்கிறது. அது இல்லாவிட்டால் முழு 230 வோல்ட்டும் கிட்டார் கம்பிகளில் வந்து நிற்கும். வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கைத் தொடும் வரை அது யாருக்கும் தெரியாது. சரியான வழி, மிக்சர் பக்கம் போகும் பாதையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேசிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்ப மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுவது. அந்தச் சுவிட்ச் அறுப்பது ஆடியோ கேபிளின் உறையை மட்டுமே. மின்சாரத்தின் எர்த்தை அது தொடுவதில்லை. நண்பரின் அடுத்த ஒத்திகையில் இதை வைத்துப் பார்த்ததும் உறுமல் மறைந்தது. மண்டபங்களில் மின்வெட்டின்போது சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் ஓட்டினாலும், மேடை விளக்குகளுக்கு டிம்மர் வைத்திருந்தாலும் வரும் கடுமையான 'பர்ர்' ஓசை வேறு கதை. அது பிக்கப்பிலேயே நுழைவது, விளக்கு வயர்களிலிருந்து தள்ளி நிற்பதும் உறுமலை ரத்துசெய்யும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப்புக்கு மாறுவதும்தான் அதற்கு வழி.

இரண்டாவது புகாருக்கு வந்தால், நண்பர் ஒரே குறையாகச் சொன்னது உண்மையில் இரண்டு குறைகள். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாக வடிகட்டிவிடும். டிஸ்டார்ஷன் நம் காதுக்கு இனிமையாக இருப்பதற்கே அந்த வடிகட்டல் முக்கியக் காரணம். மிக்சர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும்போது வடிகட்ட ஆளில்லை, தேனீக்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல்தான் மிஞ்சும். இதற்காகத்தான் ப்ராசஸர்களில், ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டலைப் போலவே செய்து காட்டும் கேபினெட் சிமுலேஷன் என்ற வசதியும், அவுட்புட் எங்கே போகிறது என்று சொல்லும் பொது அமைப்பும் இருக்கின்றன. நண்பரின் கருவியில் அந்த அமைப்பு 'காம்போ ஆம்ப்' என்று வைக்கப்பட்டிருந்ததால், கேபினெட் சிமுலேஷன் எல்லாப் பேட்சுகளிலும் மௌனமாக அணைந்து கிடந்தது. பேட்சுக்குள் போய்ப் பார்த்தால் கேபினெட் இயங்குவதாகவே திரை காட்டும் என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. 'லைன்' என்று மாற்றியதும் மிக்சர் பக்கம் சீரானது. இனி ஆம்பில் கொஞ்சம் மந்தமாகக் கேட்குமே என்றால், ஆம், கேட்கும். ஒரே கருவியை ஒரே நேரத்தில் ஆம்புக்கும் மிக்சருக்கும் அனுப்புபவர்கள் இரண்டில் ஒன்றுக்கு இசைந்துபோக வேண்டும். நண்பர் ஆம்பைத் தமக்கான மானிட்டராக மட்டும் வைத்துக்கொண்டு அதன் ட்ரெபிளைக் கூட்டிவிட்டார்.

அதன் பின்னும் சில பேட்சுகளில் ஓங்கி அடிக்கும்போது ஒரு 'டப்' வெடிப்பு கேட்டது. இது க்ளிப்பிங். டிஜிட்டலில் உச்சவரம்பு பூஜ்ய டெசிபல். அதற்கு மேல் எண் இல்லை என்பதால் அலையின் தலை சமமாக வெட்டப்படுகிறது, வால்வ் ஆம்ப் போல இதமாக மழுங்குவதில்லை. எங்கே வெட்டுப்படுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வால்யூம்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தால் போதும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் மட்டுமே வெடிப்பு நிற்கிறது என்றால் வெட்டு இன்புட் கன்வெர்ட்டரில். பேட்சின் லெவலைக் குறைத்து நிற்கிறது, மாஸ்டரைக் குறைத்தால் நிற்கவில்லை என்றால் கருவிக்குள், எஃபெக்டுகள் ஒன்றன்மேல் ஒன்று லெவலைக் கூட்டிக்கொண்டே போன இடத்தில். மாஸ்டரைக் குறைத்தாலே நிற்கிறது என்றால் வெட்டு கருவிக்கு வெளியே, மிக்சரின் இன்புட்டில். நண்பருக்குப் பின்னிரண்டும் இருந்தன. ஈக்வலைசர், பூஸ்டர், டிலே ஆகிய மூன்றிலும் லெவல் நூற்றுக்கு நூறு என்று வைத்திருந்த பேட்சுகளை இறக்கினேன். மிக்சரில் லைன் சிக்னலை மைக் சேனலில் கொடுத்திருந்ததை, முன்பு சொன்ன டிஐ பாக்ஸே தீர்த்துவிட்டது. அதன் டிரான்ஸ்ஃபார்மர் லெவலை ஏறத்தாழ 20 டெசிபல் இறக்கித் தருகிறது. லெவலைக் குறைத்தால் ஒலித்தரம் போய்விடுமோ என்று அவர் தயங்கினார். 24 பிட் கருவியில் 12 டெசிபல் குறைப்பது இரண்டு பிட்டுகளை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். மேடையில் அதைக் கேட்கக்கூடிய காது யாருக்கும் இல்லை.

மூன்றாவது புகாருக்குத்தான் கருவியைத் திறக்க வேண்டியிருந்தது. திறக்கும் முன், எஃபெக்ட் லூப்பின் (வெளிப் பெடல்களை நடுவில் சேர்ப்பதற்கான வழி) சென்ட் (அனுப்பும்), ரிட்டர்ன் (திரும்பும்) ஜாக்குகளை ஒரு குட்டைக் கேபிளால் இணைத்துப் பார்த்தேன். ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது சிக்னலைக் கடத்தி விடுவது உள்ளேயிருக்கும் ஒரு சிறு தகட்டின் தொடர்புதான். அதில் தூசியும் களிம்பும் ஏறினால் ஒலி இப்படி அறுந்து அறுந்து வரும். கேபிளால் இணைத்ததும் அறுபடுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆக, இரண்டு இடங்களில் கோளாறு.

அடித்தகட்டைக் கழற்றி, நீளம் வேறுபடும் ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரைபடத்தில் குத்தி வைத்துவிட்டு, கருவியை இயக்கியபடியே ஒரு பிளாஸ்டிக் குச்சியால் போர்டை ஆங்காங்கே மெல்லத் தட்டினேன். இன்புட் ஜாக்கின் அருகில் தட்டியபோது ஹெட்போனில் 'கர்ரக்' என்றது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஜாக்கின் நுனிக்கான காலைச் சுற்றிச் சால்டரில் மயிரிழை அளவில் ஒரு முழு வளையம் வெடித்திருந்தது. ஜாக்கின் வெளிப்புற நட்டு என்றோ தளர்ந்திருக்கிறது. அன்று முதல் கேபிளின் ஒவ்வோர் இழுப்பையும் கருவியின் உடலுக்குப் பதிலாக இந்தச் சால்டர் புள்ளிகளே தாங்கி வந்திருக்கின்றன. பழைய சால்டரை விக்கால் (செம்புப் பின்னல்) உறிஞ்சி எடுத்து, காலைச் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் தடவி, 350 டிகிரியில் 60/40 சால்டரால் புதிதாகப் பற்றவைத்தேன். வெடிப்பின்மேல் புதுச் சால்டரை அப்பிவிட்டு மூடுவது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். வரிசையிலுள்ள மற்ற ஜாக்குகளின் கால்களையும் கையோடு சூடாக்கிப் புதுப்பித்தேன். ரிட்டர்ன் ஜாக்கின் தகட்டுக்கு, கான்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கின்மேல் தெளித்து அதைப் பலமுறை செருகி எடுத்ததே போதுமாக இருந்தது. வீட்டிலிருக்கும் எண்ணெய்ப் பசை கொண்ட ஸ்ப்ரேக்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை அப்போதைக்குச் சரிசெய்துவிட்டுப் பின்னர் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூடும்போது கவனம் வேண்டியது திரைக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிளில். அதன் பூட்டைத் திறக்காமல் அழுத்தினால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம். எல்லா ஜாக்குகளின் நட்டுகளையும் இறுக்கிவிட்டு, கேபிளை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன்; ஒலி அறுபடவில்லை.

கடைசியாகத்தான் நாய்ஸ் கேட்டை மறுபடியும் இயக்கினேன். உயர் கெயின் ஆம்ப் மாடல்கள் சிக்னலோடு சேர்த்து அதன் அடியிலிருக்கும் சீறலையும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்குபவை என்பதால் அந்தப் பேட்சுகளில் கொஞ்சம் சீறல் இருந்தே தீரும். முன்பு உறுமலை மறைப்பதற்காக நண்பர் கேட்டின் த்ரெஷோல்டை (கதவு திறக்கும் அளவை) ஏற்றிவைத்திருந்ததால், நீட்டி நிறுத்தும் ஸ்வரங்கள் பாதியில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. இப்போது உறுமல் இல்லாததால், கம்பிகளை விட்டதும் சீறல் அடங்கும் அளவுக்கு மட்டும் அதை இறக்கி, கேட்டை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தேன். பல்லவி முடிவில் அவர் இழுக்கும் நீண்ட ஸ்வரம் தானாகத் தேயும் வரை கேட்கிறது. கம்பெனி அடாப்டரில் ப்ராசஸரின் பெயரை எழுதி ஒட்டி, பல வால் கேபிளில் ப்ராசஸருக்குப் போன வாலை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.